ஏன் இப்படிச் சொன்னது, ஏன் வேறு மாதிரி சொல்லவில்லை: குர்ஆனை பலாகா வழியாகப் படிக்க ஒரு வழிகாட்டி

அதீ இப்னு ஹாத்திம் தய் குலத்தின் தலைவர். கொடைக்குப் பேர்போன ஹாத்திம் தாயீயின் மகன். அரபி அவருக்குத் தாய்மொழி. 'வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து உங்களுக்குத் தெளிவாகும் வரை உண்ணுங்கள், பருகுங்கள்' என்று நோன்பைப் பற்றிக் குர்ஆனின் 2:187இல் (இரண்டாம் சூரா, அதாவது அத்தியாயம், 187ஆம் வசனம்) வந்ததைக் கேட்டவர், ஒரு வெள்ளைக் கயிற்றையும் ஒரு கறுப்புக் கயிற்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரவில் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விடிந்ததும் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார். 'அந்த வெள்ளை நூலும் கறுப்பு நூலும் உன் தலையணைக்குக் கீழே இருந்தால், உன் தலையணை ரொம்ப அகலமானதுதான்' என்றார்கள். பிறகு, அது பகலின் வெண்மையும் இரவின் கருமையும் என்று விளக்கினார்கள். இது புகாரீ தொகுப்பில் உள்ள ஹதீஸ், அதாவது நபிமொழி.

கவனித்துப் பார்த்தால் அந்தப் பதிலே ஒரு பலாகா பாடம், இடமறிந்து பேசும் கலையின் பாடம். 'நீ தப்பாகப் புரிந்துகொண்டாய்' என்று நேரடியாகச் சொல்லவில்லை. தொடுவானமே உன் தலையணைக்கு அடியில் அடங்கிவிட்டதா என்கிற மாதிரி ஒரு மெல்லிய கேலி. அதோடு விஷயமும் விளங்கிவிட்டது.

அரபியைத் தாய்ப்பாலோடு குடித்தவருக்கே ஒரு வசனம் இப்படி நழுவியது என்றால், மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் நமக்கு எவ்வளவு நழுவும்? அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. ஓரளவு அரபி எழுத்தும், நஹ்வு எனப்படும் வாக்கிய இலக்கணத்தின் அடிப்படையும் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அரபியே தெரியாதவர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் ஒரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். பாதிக்கு மேல் கைக்கு வரும்.

பலாகா என்றால் என்ன

'பலாகா என்றால் அலங்காரம், அணி' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது இந்தக் கலையில் ஒரு பகுதிதான். அரபி அறிஞர்கள் தந்த விளக்கம் வேறு: பிழையில்லாத பேச்சு, கேட்பவரின் நிலைக்குப் பொருந்தி வருவது. இதை 'முக்தளல் ஹால்' என்பார்கள். சந்தர்ப்பம் எதைக் கோருகிறதோ அது. அலங்காரமே இல்லாத ஒரு வாக்கியம் உச்சகட்ட பலாகாவாக இருக்கலாம். அழகழகான உவமைகள் அடுக்கிய பேச்சு, இடம் தெரியாமல் வந்தால் பலாகாவில் சேராது.

மூன்று கிளைகள். வாக்கியத்தின் கட்டமைப்பைப் பார்ப்பது மஆனீ. ஒரே பொருளை உவமை, உருவகம், குறிப்பு என வெவ்வேறு வழியில் சொல்வதைப் பார்ப்பது பயான். (நம் பக்கத்தில் பயான் என்றால் ஜும்ஆ பிரசங்கம்தான் நினைவுக்கு வரும், இது வேறு.) ஒலி அழகு, முரண், எதுகை போன்றவற்றைப் பார்ப்பது பதீஉ. இதில் குர்ஆனைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது மஆனீ. ஆனால் எல்லோரும் ஓடிப்போய்ப் படிப்பது பதீஉ. பட்டியல் போட வசதியாக இருப்பதால் இருக்கலாம்.

இந்தக் கலையின் நடுத்தூண் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ. காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே உள்ள ஜுர்ஜானைச் சேர்ந்தவர், ஹிஜ்ரி 471 (கி.பி. 1078) வாக்கில் மறைந்தவர். 'தலாயிலுல் இஃஜாஸ்' என்ற நூலில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: சிறப்பு தனிச் சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட விதத்தில், அதாவது 'நள்மு'வில் இருக்கிறது. அதை அவர் நிறுவும் முறை ரொம்ப எளிமையானது. வசனத்தை எடுப்பார். அதே பொருளை வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார். எது தொலைந்தது என்று காட்டுவார்.

அவருக்குப் பின் ஸக்காக்கீ (மறைவு 1229) இதை இலக்கணச் சட்டம்போல் ஒழுங்குபடுத்தினார். கஸ்வீனீ (மறைவு 1338) அதைச் சுருக்கினார். தஃப்தாஸானீ அந்தச் சுருக்கத்துக்கு உரை எழுதினார். 'முக்தஸருல் மஆனீ' என்ற அந்த உரைதான் தர்ஸே நிஜாமி முறை மதரஸாக்களில் இன்றும் பாடம். நல்ல நூல்தான். ஆனால் வரையறை, அதற்கு ஆட்சேபம், அதற்குப் பதில் என்று போய்க்கொண்டே இருப்பதில், மாணவர் குர்ஆனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் வருடம் முடிந்துவிடும். அதனால் இங்கே ஜுர்ஜானீயின் வழியையே பிடித்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: ஏன் இப்படி, ஏன் வேறு மாதிரி இல்லை?

படி 1: முதலில் வாக்கியத்தைப் பிரித்துப் போடுங்கள்

எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று தெரியாமல் பலாகா பேசுவது வம்பு. சூரா ஃபாத்திரில் (35:28) ஒரு வசனம்: 'இன்னமா யக்‌ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ'. 'அல்லாஹ்' என்ற பெயர் முன்னால் வருகிறது, 'உலமா' கடைசியில் வருகிறது. ஆனால் 'அல்லாஹ' என்று அகரத்தில் முடிவதால் அது செயப்படுபொருள். 'உலமாஉ' என்று உகரத்தில் முடிவதால் அது எழுவாய். 'அவனுடைய அடியார்களில் அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிஞர்களே.' இந்த உயிரொலிகளை மாற்றிவிட்டால் அஞ்சுபவரும் அஞ்சப்படுபவரும் இடம் மாறி, அர்த்தம் விபரீதமாகிவிடும்.

இங்கேயே ஜுர்ஜானீயின் கேள்வியையும் கேட்டுவிடலாம். எழுவாயைக் கடைசிக்குத் தள்ளியது ஏன்? 'இன்னமா' என்ற சொல் வந்தால், 'மட்டுமே' என்ற அழுத்தம் வாக்கியத்தின் கடைசி உறுப்பில் போய் விழும். உலமா கடைசியில் இருப்பதால், 'உண்மையாக அஞ்சுகிறவர்கள் அறிஞர்கள்தான், மற்றவர்கள் அல்ல' என்று பொருள். உலமாவை முன்னால் கொண்டுவந்து அல்லாஹ்வைக் கடைசியில் வைத்திருந்தால், 'அறிஞர்கள் அல்லாஹ்வை மட்டுமே அஞ்சுகிறார்கள், வேறு எவரையும் அல்ல' என்று ஆகியிருக்கும். அதுவும் நல்ல கருத்துதான். குர்ஆனில் வேறு இடத்தில் (33:39) வருகிறது. ஆனால் இந்த இடம் பேசுவது அறிவைப் பற்றி. மழை, பலநிறக் கனிகள், மலைகளில் ஓடும் வெள்ளை, சிவப்பு, கருமைப் பாதைகள், மனிதர், கால்நடைகள் என்று படைப்புகளை வரிசையாகக் காட்டிவிட்டு, இவற்றை அறிந்தவர் யாரோ அவரே அஞ்சுவார் என்று முடிகிறது.

படி 2: யாரிடம், எந்த நிலையில் சொல்லப்பட்டது

ஜுர்ஜானீ ஒரு சம்பவம் சொல்கிறார். தத்துவஞானி அல்கிந்தீ இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் வந்து, 'அரபிகளின் பேச்சில் வெட்டித்தனம் இருக்கிறது' என்றாராம். 'அப்துல்லாஹ் நிற்கிறார்', 'இன்ன' என்ற உறுதிச் சொல் சேர்த்து 'அப்துல்லாஹ் நிற்கிறார்', 'இன்ன'வும் இன்னோர் உறுதிச் சொல்லான 'ல'வும் சேர்த்து 'அப்துல்லாஹ் நிற்கிறார்'. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே, எதற்குச் சொல்லைக் கூட்டுகிறார்கள்? அபுல் அப்பாஸ் சொன்ன பதில்: முதலாவது வெறும் செய்தி. இரண்டாவது, கேட்டவனுக்குப் பதில். மூன்றாவது, மறுத்தவனுக்கு மறுமொழி. அல்கிந்தீயிடம் பேச்சில்லை.

இந்தச் சாவியோடு யாஸீன் சூராவுக்குப் போங்கள். வீடுகளில் அடிக்கடி ஓதப்படுகிற சூரா என்பதால் காதுக்குப் பழகியிருக்கும். ஓர் ஊருக்கு இரண்டு தூதர்கள் அனுப்பப்படுகிறார்கள். ஊரார் பொய்யாக்குகிறார்கள். மூன்றாமவரைக் கொண்டு வலுவூட்டப்படுகிறது. அப்போது அவர்கள் சொல்வது 'இன்னா இலைக்கும் முர்ஸலூன்' (36:14), 'நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள்'. ஏற்கெனவே மறுத்துவிட்டவர்களிடம் பேசுவதால் 'இன்ன' வந்துவிட்டது. ஊரார் விடவில்லை. 'நீங்கள் எங்களைப் போன்ற மனிதர்கள்தான், ரஹ்மான் (அருளாளன்) எதையும் இறக்கவில்லை, நீங்கள் பொய்தான் சொல்கிறீர்கள்' என்று மூன்று அடி அடிக்கிறார்கள். அடுத்த பதில்: 'ரப்புனா யஃலமு இன்னா இலைக்கும் லமுர்ஸலூன்' (36:16). 'எங்கள் இறைவன் அறிவான்' என்பது சத்தியம் செய்வதற்குச் சமம். 'இன்ன' இருக்கிறது, இப்போது 'ல'வும் சேர்ந்துகொண்டது. மறுப்பு ஏற ஏற உறுதிச் சொல்லும் ஏறுகிறது. மொழிபெயர்ப்பில் இரண்டையும் 'நிச்சயமாக' என்று போட்டுவிட்டால் இந்த ஏற்றம் காணாமல் போய்விடும்.

ஆகவே ஒரு வசனத்தில் உறுதிச் சொல்லைக் கண்டால், அதை மறுத்தவர் யார், சந்தேகப்பட்டவர் யார் என்று தேடுங்கள். சில நேரம் வெளிப்படையாக எவரும் மறுத்திருக்க மாட்டார். 23:15இல் 'இதற்குப் பின் நீங்கள் நிச்சயமாக இறப்பவர்களே' என்று 'இன்ன'வும் 'ல'வும் சேர்ந்து வருகிறது. மரணத்தை யார் மறுக்கிறார்கள்? யாருமில்லை. மறுக்கிறவர்கள் போல வாழ்கிறார்கள், அதனால் மறுத்தவர்களாகவே வைத்துப் பேசப்பட்டது என்பது பலாகா அறிஞர்களின் விளக்கம்.

படி 3: வரிசையைப் பாருங்கள்

எது முன், எது பின் என்பது அரபியில் ஓரளவு சுதந்திரமான விஷயம். சுதந்திரம் இருக்கும் இடத்தில்தான் தேர்வு இருக்கும். தேர்வு இருந்தால் காரணமும் இருக்கும்.

ஃபாத்திஹாவில் 'இய்யாக நஃபுது'. வழக்கமான அமைப்பு 'நஃபுதுக', அதாவது 'உன்னை வணங்குகிறோம்'. 'உன்னை' என்பதைப் பிரித்து முன்னால் வைத்ததால் 'உன்னையே, வேறு எவரையும் அல்ல' என்று ஆனது. தமிழில் செயப்படுபொருள் இயல்பாகவே வினைக்கு முன்னால் வருவதால், வரிசையை மாற்றி இதைக் காட்ட முடியாது. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ஏகாரத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வாசிக்கும்போது எங்கெல்லாம் 'ஏ', 'மட்டுமே' வருகிறதோ, அங்கெல்லாம் மூலத்தில் ஏதோ இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு ஜோடி. குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. 6:151இல்: 'மின் இம்லாக்', வறுமையின் காரணமாக, 'உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்.' 17:31இல்: 'கஷ்யத இம்லாக்', வறுமைக்கு அஞ்சி, 'அவர்களுக்கும் உங்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்.' மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வசனம், கொஞ்சம் மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும்.

நிதானமாகப் பாருங்கள். முதல் இடத்தில் பேசப்படுகிறவர் ஏற்கெனவே வறுமையில் இருக்கிறார். இன்றைக்கே அடுப்பு எரியவில்லை. அவருடைய முதல் கவலை தன் வயிறு. அதனால் 'உங்களுக்கு' என்று முதலில் அவருக்கு உறுதி தரப்படுகிறது, பிள்ளைகள் பிறகு. இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு இன்று சாப்பாடு இருக்கிறது. பிள்ளை வந்தால் நாளை என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார். அவருடைய பயத்தின் காரணமே அந்தப் பிள்ளைதான். அதனால் 'அவர்களுக்கு' என்பது முந்திக்கொண்டது: அந்தப் பிள்ளை தன் உணவோடுதான் வருகிறது. 'கஷ்யத' என்ற ஒரே ஒரு சொல் வாக்கியத்தின் மறுபாதியையே திருப்பிப் போட்டுவிட்டது. பலாகா வெறும் ரசனை விஷயம் என்று யாராவது சொன்னால், நான் காட்டுவது இந்த ஜோடியைத்தான்.

படி 4: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

விடுபட்ட இடத்தை 'ஹத்ஃப்' என்பார்கள். 93:3இல் 'உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை. வெறுக்கவும் இல்லை' என்று வருகிறது. முதல் வினையோடு 'உம்மை' இருக்கிறது, இரண்டாவதோடு இல்லை. ஓசை ஒழுங்குக்காக என்று சிலர் சொல்வார்கள். சூராவின் வசனங்கள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன என்று பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் இன்னொரு விளக்கமும் இருக்கிறது: மறுத்துச் சொல்லும்போதுகூட 'வெறுப்பு' என்ற சொல்லை நபியோடு ஒட்டவைக்க வேண்டாம் என்ற கனிவு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

விடுவதில் இன்னொரு வகை, செய்தவர் பெயரை விடுவது. நூஹ் நபியின் வெள்ளம் வடிவதைச் சொல்லும் 11:44: 'பூமியே, உன் நீரை விழுங்கு, வானமே, நிறுத்து என்று சொல்லப்பட்டது, நீர் வற்றவைக்கப்பட்டது, காரியம் முடிக்கப்பட்டது.' சொன்னது யார், முடித்தது யார் என்று வசனம் சொல்லவில்லை. பூமிக்கும் வானத்துக்கும் கட்டளையிட வேறு யாரால் முடியும்? பெயர் சொல்லாததிலேயே அந்த வல்லமை தெரிகிறது. ஜுர்ஜானீயும் ஸக்காக்கீயும் இந்த ஒரு வசனத்தில் வெகுநேரம் நிற்கிறார்கள்.

சுருக்கத்துக்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு 2:179. 'கொலையே கொலையைத் தடுக்கும்' என்று அரபிகளிடம் ஒரு சொலவடை இருந்தது. குர்ஆன் சொன்னது: 'கிஸாஸில் உங்களுக்கு வாழ்வு இருக்கிறது.' சொலவடையில் கொலை இரண்டு தடவை வருகிறது. வசனத்தில் ஒரு தடவைகூட இல்லை, வாழ்வு இருக்கிறது. எல்லாக் கொலையும் கொலையைத் தடுக்காது, அநியாயக் கொலை இன்னும் பத்துக் கொலைக்கு வழி. கிஸாஸ் என்றால் நீதியோடு கூடிய பழிவாங்கல், அதுதான் தடுக்கும். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

படி 5: நேர்ப்பொருளா, வேறு பொருளா என்று தீர்மானியுங்கள்

இதுதான் அதீ இப்னு ஹாத்திம் இடறிய இடம். பயான் கலையின் அடிப்படை விதி: ஒரு சொல் நேர்ப்பொருளிலேயே இருக்கும், அதிலிருந்து விலக்க ஒரு 'கரீனா', அதாவது அடையாளம் வேண்டும். 'நாங்கள் இருந்த ஊரைக் கேளுங்கள்' (12:82) என்று யூஸுஃப் நபியின் சகோதரர்கள் சொல்ல வேண்டிய வார்த்தை வருகிறது. கல்லும் மண்ணும் பதில் சொல்லாது என்பதே இங்கு அடையாளம். ஊர் என்றது ஊராரை. தமிழில் நாம் 'ஊரே சிரிக்கிறது' என்கிறோமே, இடவாகுபெயர், அதேதான். இதைப் புரியவைக்கத் தமிழருக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

2:187இலும் அடையாளம் வந்து சேர்ந்தது. ஸஹ்ல் இப்னு ஸஅத் அறிவிக்கும் ஹதீஸ்படி, சிலர் காலில் வெள்ளை நூலும் கறுப்பு நூலும் கட்டிக்கொண்டு, அவை கண்ணுக்குப் பிரிந்து தெரியும் வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் 'மினல் ஃபஜ்ர்', 'வைகறையின்' என்ற சொற்கள் இறங்கின. ஸமக்‌ஷரீ (மறைவு 1144) 'கஷ்ஷாஃப்' என்ற தம் குர்ஆன் விரிவுரையில் இங்கே ஒரு நுணுக்கம் பிடிக்கிறார். 'மினல் ஃபஜ்ர்' இல்லாதவரை இது இஸ்திஆரா, அதாவது உவமேயத்தை மறைத்த உருவகம். அது வந்து சேர்ந்ததும் உவமேயம் வெளியே தெரிந்துவிட்டது. தஷ்பீஹ், உவமை ஆகிவிட்டது. நோன்பு எப்போது தொடங்கும் என்பது சட்டம். சட்டத்தில் அழகைவிடத் தெளிவு முக்கியம் என்பதால் உவமை மேல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது இந்தக் கலையின் மிகப் பிரபலமான வசனத்துக்கு வருவோம். தள்ளாத வயதில் ஸகரிய்யா நபி பிள்ளை வரம் கேட்கிறார்: 'என் இறைவா, என் எலும்பு பலவீனமாகிவிட்டது, தலை நரையால் பற்றி எரிகிறது' (19:4). அரபியில் 'வஷ்தஅலர் ரஃஸு ஷைபா'. நரை பரவுவதை நெருப்புப் பரவுவதாகச் சொன்னது உருவகம் என்று எல்லோரும் சொல்வார்கள், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஜுர்ஜானீ நிறுத்தவில்லை. பற்றி எரிவது உண்மையில் நரை. ஆனால் வினைக்கு எழுவாயாக வைக்கப்பட்டது தலை. நரை பின்னால் தனியாக வருகிறது. மாற்றிப் பாருங்கள் என்கிறார்: 'தலையில் நரை பற்றி எரிந்தது.' உருவகம் அப்படியே இருக்கிறது. ஆனால் அழகு போய்விட்டது. ஏன்?

அவரே ஒரு வீட்டைக் காட்டுகிறார். 'வீட்டில் நெருப்பு எரிந்தது' என்றால் ஏதோ ஒரு மூலையில் எரிந்திருக்கலாம். 'வீடு நெருப்பாய் எரிந்தது' என்றால் கூரை, சுவர், உள், வெளி என்று ஓர் இடம் பாக்கியில்லை. தலையை எழுவாய் ஆக்கியதும் அதே வேலைதான்: கறுப்பு மயிர் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது வாக்கிய அமைப்பிலிருந்தே வருகிறது. 'பூமியை ஊற்றுகளாய் வெடிக்கச் செய்தோம்' (54:12) என்பதிலும் இதே அமைப்பு. பூமியில் ஊற்றுகளை என்று சொல்லவில்லை. பூமி முழுதுமே ஊற்றாகிவிட்டது.

இன்னும் இருக்கிறது. 'என் தலை' என்று சொல்லவில்லை, 'தலை' என்றார். யாருடைய தலை என்பது சொல்லாமலே தெரிகிறது. அந்தச் சுருக்கமும் சிறப்பு என்பது ஜுர்ஜானீ. எலும்பைச் சொன்னது ஏன்? உடம்பில் கெட்டியானது அதுதான், உடம்புக்குத் தூண். அதுவே தளர்ந்தால் மற்றதைச் சொல்லவே வேண்டாம். 'எலும்புகள்' என்று பன்மை இல்லாமல் 'எலும்பு' என்று ஒருமையில் வந்தது, எலும்பு என்ற இனமே தளர்ந்தது என்று காட்ட. இத்தனையும் ஒரு முதியவர் இரண்டு வாக்கியத்தில், இரகசியக் குரலில் சொன்னது. 'கிழவனாகிவிட்டேன்' என்று ஒரே சொல்லில் அவர் சொல்லியிருக்கலாம். பொருள் குறைந்திருக்காது, மன்றாட்டு குறைந்திருக்கும்.

காணாததை உவமையாக்கலாமா? நரகத்து ஸக்கூம் மரத்தின் பாளை 'ஷைத்தான்களின் தலைகள் போல' (37:65) என்கிறது குர்ஆன். பார்க்காத ஒன்றை எப்படி ஒப்பிடுவது என்று பக்தாதில் ஒருவர் கேட்க, மொழியறிஞர் அபூ உபைதா, கவிஞர் இம்ரஉல் கைஸ் அம்புகளைப் 'பூதங்களின் கோரைப்பல்' என்று பாடியதைக் காட்டினார். பூதத்தையும் எவரும் பார்த்ததில்லை. ஆனால் பயம் எல்லோர் மனதிலும் உருவம் பெற்றிருந்தது. அந்தக் கேள்விதான் தம்மை 'மஜாஸுல் குர்ஆன்' என்ற நூலை எழுதத் தூண்டியது என்று அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. அரபியில் இத்துறையின் முன்னோடி நூல்களில் அது ஒன்று.

பயானில் மூன்றாவது கினாயா, குறிப்பால் உணர்த்துவது. 17:29: 'உம் கையைக் கழுத்தோடு கட்டிவிடாதீர், முழுவதுமாக விரித்தும் விடாதீர், நிந்திக்கப்பட்டவராக, சோர்ந்துபோனவராக உட்கார்ந்துவிடுவீர்.' கட்டிய கை கருமித்தனம், விரித்த கை ஊதாரித்தனம். கடைசி இரண்டு சொற்களை வரிசைப்படி பொருத்துங்கள்: கருமிக்கு நிந்தை, ஊதாரிக்குச் சோர்வு. 'மஹ்ஸூர்' என்பதன் வேர், நடந்து நடந்து இனி ஓர் அடி வைக்க முடியாமல் நின்றுவிட்ட ஒட்டகத்துக்குச் சொல்வது. இந்த அமைப்பை அரபியில் 'லஃப்பு நஷ்ர்' என்பார்கள். நம் இலக்கணத்தில் நிரல்நிறை.

படி 6: பேச்சு திசை திரும்பும் இடத்தில் நில்லுங்கள்

திடீரென்று 'நீங்கள்' என்பது 'அவர்கள்' ஆகும். 'அவன்' என்பது 'நீ' ஆகும். இதற்கு இல்திஃபாத் என்று பெயர். ஃபாத்திஹாவில் புகழ்ச்சி எல்லாம் படர்க்கையில் போகிறது. ஐந்தாம் வசனத்தில் சட்டென்று 'உன்னையே' என்று முன்னிலை. புகழ்ந்துகொண்டே வந்த அடியான் இப்போது நேருக்கு நேர் நிற்கிறான்.

எதிர்த்திசையில் திரும்புவது 10:22. 'நீங்கள் கப்பலில் இருக்கும்போது, அவை அவர்களை நல்ல காற்றோடு கொண்டுசெல்ல...' ஒரே வாக்கியத்தில் 'நீங்கள்' 'அவர்கள்' ஆகிவிட்டது. அடுத்து புயல், எல்லாப் பக்கமும் அலை, உருகி உருகிப் பிரார்த்தனை. கரை சேர்ந்ததும் பழையபடி அக்கிரமம். நன்றிகெட்ட அந்தக் கூட்டத்தின் கதையைப் பிறருக்கு எடுத்துச்சொல்வதுபோல் அவர்களைப் படர்க்கைக்குத் தள்ளிவிட்டது என்பது ஸமக்‌ஷரீயின் கருத்து. சில மொழிபெயர்ப்புகள் வாசகர் குழம்பக் கூடாதென்று முழுவதையும் 'நீங்கள்' ஆக்கிவிடும். அங்கேதான் வசனத்தின் கூர்மை மழுங்குகிறது.

பதீஉவுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஒரே சொல் இரு பொருளில் வரும் ஜினாஸுக்கு 30:55 போதும்: 'ஸாஅத்' என்பது முதலில் மறுமை நாள், அடுத்து ஒரு நாழிகை. ஆனால் முஷாகலா என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வந்த சொல்லையே வேறொரு பொருளுக்கும் பயன்படுத்துவது அது. 'தீமையின் கூலி அதுபோன்ற தீமையே' (42:40) என்பதில் இரண்டாவது 'தீமை', நியாயமான தண்டனை. இது தெரியாவிட்டால் வீண் குழப்பம் வரும்.

எல்லையும் இருக்கிறது

கையில் பலாகா வந்ததும் கண்ட இடமெல்லாம் உருவகம் தெரியும். நிதானம் வேண்டும். அடையாளம் இல்லாமல் நேர்ப்பொருளை விடக் கூடாது. அல்லாஹ்வின் 'கை', 'அர்ஷின் (அரியணையின்) மீது உயர்ந்தான்' போன்ற வசனங்களில் இது உருவகமா, அப்படியே ஏற்று எப்படி என்று கேட்காமல் விடுவதா என்பதில் அகீதா (இறைக்கொள்கை) அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு தைமிய்யா (மறைவு 1328) நேர்ப்பொருள், மஜாஸ் (நேர்ப்பொருளிலிருந்து விலகிய பொருள்) என்ற பிரிவினையையே ஏற்கவில்லை. இந்த வழக்கை அணியிலக்கணம் மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. தீர்க்க முயலவும் வேண்டாம். அதேபோல் ஸமக்‌ஷரீ பலாகாவில் மன்னர், கொள்கையில் முஃதஸிலா, அதாவது பகுத்தறிவை முன்வைத்த ஒரு பிரிவைச் சேர்ந்தவர். அவர் இலக்கண நுணுக்கத்தின் வழியே தம் கொள்கையை நுழைக்கும் இடங்களைச் சுட்டிக்காட்டவே அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த இப்னுல் முனய்யிர் 'அல்இந்திஸாஃப்' எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஒவ்வொரு விளக்கத்தையும் 'அல்லாஹ் இதற்காகத்தான் இப்படிச் சொன்னான்' என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். 'இப்படி விளங்குகிறது' என்பதோடு நின்றால் போதும்.

எதைப் படிப்பது, எப்படித் தொடங்குவது

எகிப்தில் பள்ளி மாணவர்களுக்காக அலீ அல்ஜாரிமும் முஸ்தஃபா அமீனும் எழுதிய 'அல்பலாகத்துல் வாளிஹா' முதல் நூலாகச் சரியாக இருக்கும். எடுத்துக்காட்டு முதலில், விதி பிறகு, அப்புறம் பயிற்சி. அதோடு ஸாபூனீயின் குர்ஆன் விரிவுரை 'ஸஃப்வதுத் தஃபாஸீர்'. ஒவ்வொரு பகுதியிலும் பலாகாவுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பார். கொஞ்சம் பெயரிட்டுப் போகிறவர்தான், 'இங்கே இஸ்திஆரா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஏன் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். காரணம் வேண்டுமானால் துனீசியாவின் இப்னு ஆஷூர் (மறைவு 1973) எழுதிய 'அத்தஹ்ரீர் வத்தன்வீர்'. நடை கடினம், ஆனால் ஜுர்ஜானீக்கு நியாயம் செய்தவர். தலாயிலுல் இஃஜாஸை நேரடியாகத் தொடுவது இவற்றுக்கெல்லாம் பிறகு.

தினமும் ஒரு பக்கம் வேண்டாம், ஒரு வசனம் போதும். நோட்டில் வசனத்தை எழுதுங்கள். கீழே, அதே பொருளில் நீங்களே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: வரிசையை மாற்றி, விட்டதைச் சேர்த்து, உருவகத்தை நீக்கி. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று எழுதிய பிறகே தஃப்ஸீரை, அதாவது விரிவுரையைத் திறங்கள். முதலிலேயே திறந்துவிட்டால் அடுத்தவர் கண்ணால் பார்ப்பதோடு முடிந்துவிடும். முந்திய படிகளையெல்லாம் ஒரே வசனத்தில் போட்டுத் திணிக்கவும் வேண்டாம்; பெரும்பாலான வசனங்களில் ஒன்றோ இரண்டோதான் பேசும்.

முதல் பயிற்சிக்கு ஜும்ஆ சூராவின் கடைசி வசனம் (62:11) நல்லது. நபி (ஸல்) ஜும்ஆவில் நின்றுகொண்டிருக்க, ஒட்டக வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்கு வந்தது. பன்னிரண்டு பேர் தவிர மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். 'வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டால் அதன்பால் கலைந்து ஓடுகிறார்கள்' என்கிறது வசனம். பிறகு, 'அல்லாஹ்விடம் இருப்பது வேடிக்கையையும் வியாபாரத்தையும் விடச் சிறந்தது.' முதலில் வியாபாரம் முன்னால், பிறகு வேடிக்கை முன்னால். சொன்னது இரண்டு, ஆனால் 'அதன்பால்' என்பதற்கு அரபியில் 'இலைஹா' என்று ஒருமையில், பெண்பாலில் வந்திருக்கிறது. 'திஜாரத்' பெண்பால், 'லஹ்வு' ஆண்பால். வரிசை ஏன் புரண்டது, அந்த 'இலைஹா' இரண்டில் எதைச் சுட்டுகிறது, ஏன் என்று எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் இப்னு ஆஷூரில் இந்த வசனத்தைத் திறங்கள்.